முப்பது நிரம்பாதவள்

அத்தியாயம் பதினான்கு

தீபாவளியன்று காலையில், புது ரவிக்கை இறுக்கமாக இருக்கிறதே என்று மருமகளின் அக்குளோரத்துத் தையலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள் காமு. அப்போது அவள் விரலில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. "இது என்னடி ஹம்சி?" என்று கேட்டதற்கு ஹம்சினி, "அதுங்களா அத்தை, பங்குனியில இருந்தே இருக்குது. மாமாதான் அடுத்த வருஷம் வரச் சொல்லிட்டாங்களே" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பதையும் ஒரு தடவை நினைவுபடுத்திவிடுவது நல்லது.

பங்குனியில் கல்கத்தா தமிழ் மன்றத்துக் கூடத்தில் பெண்களுக்கான இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. ஒரு தர்ம ஸ்தாபனத்தின் வண்டி டாக்டர், நர்ஸ், கருவிகள் சகிதம் வந்து வாசலில் நின்றது. முப்பது முதல் அறுபத்தைந்து வயது வரை என்பது விதி. பெயர் பதியும் மேசையில் மன்றத்தின் காரியதரிசி நடராஜன், அதாவது காமுவின் கணவர்.

வரிசையில் வந்து நின்ற சொந்த மருமகளைப் பார்த்து அவர், "தையிலதானேம்மா உனக்கு முப்பது நிரம்பும்? அடுத்த வருஷம் வா" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னார். நாலு பேரும் அவரை மெச்சினார்கள். ஹம்சினி சிரித்துக்கொண்டே ஒதுங்கி, பின்னால் நின்ற அம்மாளுக்கு வழி விட்டாள். உள்ளே தொண்டர்களுக்கு எலுமிச்சஞ்சாதம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த காமுவும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பெருமைப்பட்டாள் என்பதுதான் உண்மை.

இருபத்தொன்பது வயதுப் பெண் எதற்காக அந்த வரிசையில் வந்து நின்றாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தீபாவளிக்குப் பிறகு ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த சதைப் பரிசோதனை எல்லாம் ஆயிற்று. இன்றைக்கு அதன் முடிவு தெரிய வேண்டும். ஹைதராபாத்துக்கு ப்ராஜெக்ட் வேலையாகப் போயிருந்த மகன் மாதவுக்குப் பரிசோதனை விவரம் தெரியும். இரவு விமானத்தில் வருகிறான். முகாமில் மனைவி திருப்பி அனுப்பப்பட்ட கதை அவனுக்குத் தெரியாது. நடராஜனுக்கோ எதுவுமே தெரியாது. ரத்தக்கொதிப்புக்காரர், முடிவு வரட்டும் என்று காமு அவரிடமிருந்து எல்லாவற்றையும் மறைத்து வைத்திருந்தாள்.

கார்த்திகை பிறந்து, நியூ டவுனின் பதினோராவது மாடிக்கு முதல் குளிர் எட்டிப் பார்த்த காலை அது. நடராஜன் மங்கி குல்லாயைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அடுத்த முகாம். அந்த வேலை.

"எங்கே, ரெண்டு பேருமாக் கிளம்பியாச்சு?"

"ஹம்சிக்குப் பல்வலி" என்றாள் காமு.

"ஒரு பல்லுக்கு ரெண்டு பேரா?"

"வலிக்கிறபோது கூட ஒருத்தர் இருந்தா ஆறுதல். உங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போறது? உங்களுக்குப் பல்வலி வந்தா ஆத்துல இருக்கறவாளுக்குத்தான் வலிக்கும்."

நடராஜன் சிரித்தார். நல்ல மனநிலையில் இருந்தார். ஹம்சினியைப் பார்த்து, "தை பொறந்தா நீயும் முப்பது. அடுத்த பங்குனி முகாம்ல முதல் பேரா உன் பேரைத்தான் பதியப்போறேன். அன்னிக்கு உன்னைத் திருப்பி அனுப்பினேனோல்லியோ, அந்தக் கடன் தீர்ந்துடும்" என்றார்.

ஹம்சினி குனிந்து செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "சரிங்க மாமா" என்றாள்.

காமு கைப்பையை எடுக்கிற சாக்கில் உள்ளே போய், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சற்று நின்றுவிட்டு வந்தாள்.

நடராஜன் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமையகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். ஆடிட்காரன் விரலை நீட்டும்படி ஒரு காரியம் செய்ததில்லை. மன்றத்தின் பொங்கல் விருந்தைத் தானே முன்னின்று நடத்திவிட்டுத் தனக்கும் பெண்டாட்டிக்கும் கூப்பன் வாங்கிச் சாப்பிடுகிறவர். "எமனே வந்தாலும் நடராஜன் சார் ஐடி ப்ரூஃப் கேட்பார்" என்று மன்றத்தில் கேலி உண்டு. அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

வீட்டு மனிதர்களுக்கு ஒரு விதி, ஊராருக்கு ஒரு விதி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த ஒரு பயத்திலேயே ஓர் ஆயுள் போய்விட்டது அவருக்கு. வீட்டு மனிதர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விதி என்றுதான் நடைமுறை.

டாக்ஸியில் ஹம்சினி போனைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"ஆபீஸ்ல லீவுக்கு என்ன காரணம் போட்டே?"

"பல்வலின்னுதானுங்க. ரெண்டு எடத்துல ரெண்டு பொய் சொன்னா ஞாபகம் வெச்சுக்கறது கஷ்டம்."

காமுவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் நீர் வந்தது. இந்தப் பெண் கரூரிலிருந்து வந்தவள். மாதவ் ஆபீசில் சந்தித்து, இவளைத்தான் கட்டிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது காமு ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. ஜாதி வேறு, பழக்கம் வேறு. வந்த முதல் வாரத்தில் ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டாள். நடராஜன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றோடு காமுவின் கோபம் முக்கால்வாசி போயிற்று. மீதியை ஹம்சினியின் "அத்தை" கரைத்துவிட்டது. பெற்ற பிள்ளை பாதி வங்காளியில் பேசுகிற வீட்டில், வாய் நிறையத் தமிழ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"ஏண்டி, எட்டு மாசம் எப்படிடி சும்மா இருந்தே? படிச்ச பொண்ணு." தீபாவளியிலிருந்து கேட்க நினைத்து, கேட்காமல் வைத்திருந்த கேள்வி காமுவின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

ஹம்சினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பைபாஸில் கட்டி முடிக்காத மேம்பாலத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

"படிச்சதாலதானுங்க அத்தை. முப்பதுன்னு வெச்சிருக்காங்கன்னா எதாவது கணக்குப் பாத்துத்தானே வெச்சிருப்பாங்க, அதுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு வராதுன்னு நெனச்சுட்டேன். மாமா போகச் சொன்னப்ப எனக்கு வருத்தமே இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. பரீட்சைக்குப் படிக்காமப் போனவளுக்கு லீவு விட்ட மாதிரி."

"அப்புறம்?"

"நெட்ல பாத்தேன். இந்த வயசுல கட்டி இருந்தா பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதுன்னு போட்டிருந்துச்சு. 'பெரும்பாலும்'கிறதை நான் எனக்கு ஏத்த மாதிரி படிச்சுக்கிட்டேன்."

ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற கூடம் நிறைந்து கிடந்தது. முர்ஷிதாபாத்திலிருந்தும் பங்குராவிலிருந்தும் விடியற்காலை ரயிலில் வந்தவர்கள் போர்வையோடு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். காமு வைத்தீஸ்வரன் கோயில் சுவாமியையும் காளிகாட் அம்மாவையும் மாறி மாறிக் கூப்பிட்டாள். இந்தக் கட்டடம் இருவரில் யாருடைய சரகம் என்று தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த வங்காளி அம்மாள் ஹம்சினியைப் பார்த்துவிட்டு, காமுவின் பக்கம் சாய்ந்து, "உங்களுக்கா? பயப்படாதீர்கள், நல்ல பெண்ணைத் துணைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்" என்றாள்.

காமுவால் அதை மறுக்க முடியவில்லை. தலையை ஆட்டினாள். அது அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று ஒரு கணம் மனதார வேண்டிக்கொண்டாள். நோய் அறுபது வயதுக்காரிக்கு, துணைக்கு இருபத்தொன்பதுக்காரி. நியாயமான ஏற்பாடு அதுதானே.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் மைத்ரேயி வயதில் ஹம்சினியைவிடப் பத்து வருஷம் பெரியவளாக இருக்கலாம். நாற்காலியைத் தன் மேசைக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்து ஹம்சினியின் எதிரே போட்டுக்கொண்டாள். நாற்காலி நகர்ந்தபோதே காமுவுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சேதி சொல்ல யாரும் நாற்காலியை நகர்த்துவதில்லை.

டாக்டர் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள். கான்சர்தான். மார்பில் ஆரம்பித்தது. அக்குளில் ஒரு நெறி கட்டியிருக்கிறது, அதற்கும் பரவியிருக்கிறது. உடம்பில் வேறெங்காவது போயிருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்ல இன்னொரு ரிப்போர்ட் வர வேண்டும். அநேகமாக முதலில் மருந்து ஏற்றி, பிறகு ஆபரேஷன்.

ஹம்சினி ஆபீஸ் மீட்டிங்கில் கேட்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள்.

"முதலில் எப்போது கவனித்தீர்கள்?"

"மார்ச்."

டாக்டரின் பேனா நின்றது. "எங்கேயும் காட்டவில்லையா?"

"ஒரு கேம்ப் நடந்தது. போய் நின்றேன். வயது போதாது, அடுத்த வருஷம் வா என்று சொல்லிவிட்டார்கள்."

"கட்டி இருக்கிறது என்று சொன்னீர்களா?"

"இல்லை. அவர்கள் கேட்கவில்லை."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "பாருங்கள். அந்த வயது வரம்பு ஒரு தொந்தரவும் இல்லாமல், சும்மா பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கு. ஊரிலிருக்கிற எல்லாரையும் பார்க்க முடியாது என்பதால் எங்கே ஆரம்பிப்பது என்று போட்ட கோடு. கட்டி இருக்கிறவளுக்கு அந்தக் கோடு கிடையாது. இருபது வயதென்றாலும் சரி, எண்பது என்றாலும் சரி, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அந்த மேசையில் இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்."

அந்த மேசையில் இருந்தவர் காலையில் மங்கி குல்லாயோடு பல்வலியைக் கேலி செய்தது காமுவின் கண்முன் வந்து நின்றது.

"அப்பவே வந்திருந்தா?" என்று ஹம்சினி கேட்டாள். தமிழில் கேட்டுவிட்டோம் என்று தெரிந்து மறுபடி இங்கிலீஷில் கேட்டாள்.

"எல்லாம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எட்டு மாதம் சின்ன விஷயமில்லை. இனிமேல் ஒரு வாரத்தைக்கூட விட வேண்டாம்." சற்றுத் தயங்கிவிட்டு, "குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால், மருந்து தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். அதற்குச் சில வழிகள் இருக்கின்றன. கணவரோடு பேசிவிட்டு வாருங்கள்" என்றாள்.

அதுவரை அசையாமல் இருந்த ஹம்சினியின் கை, அப்போதுதான் பக்கத்தில் துழாவி காமுவின் கையைப் பிடித்தது. ஆடியிலிருந்து மாதாமாதம் "விசேஷம் உண்டாடி?" என்று கேட்டுக்கொண்டிருந்த காமுவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே கிளம்பும்போது டாக்டர் காமுவை மட்டும் நிறுத்தி வங்காளியில் மெல்லக் கேட்டாள். "மாஷிமா, ஆகே ஆனேன்நி கேனோ?"

மாமி, ஏன் முன்பே அழைத்து வரவில்லை என்று கேட்கிறாள். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த காமுவுக்கு வங்காளியில் பதில் இல்லாத கேள்வி இதுவரை இருந்ததில்லை. "எனக்குத் தெரியாது அம்மா" என்று மட்டும் அதே பாஷையில் சொன்னாள். சொன்னபோது, எலுமிச்சஞ்சாதப் பொட்டலமும் கையுமாக ஜன்னலருகே தான் நின்ற நிலை நினைவுக்கு வந்தது. தெரியாது என்பது சரி. கேட்டுத் தெரிந்துகொள்ள யார் தடுத்தார்கள்?

ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை. மண் குவளையில் ஆளுக்கொரு டீ வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். ஹம்சினி அழவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"மாமாகிட்ட நோவைச் சொல்லிருங்க. அதை எத்தனை நாள் மறைக்கறது? ஆனா பங்குனியில இருந்தே இருந்துச்சுன்னு சொல்லாதீங்க. தீபாவளிக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க. உங்க பையன்கிட்டயும் அப்படியேதான்."

"அவர் பண்ணது தப்புடி."

"தப்புதானுங்க. இல்லைன்னா சொல்றேன்? நானும் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். மாமனார்கிட்ட, அத்தனை பேர் நிக்கறப்ப, மார்ல கட்டி இருக்குதுன்னு எப்படிச் சொல்றது? அந்த மேசையில ஒரு லேடி இருந்திருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ." குவளையைக் கீழே வைத்தாள். "மாமாவுக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவாங்க. அவங்களைத் தேத்தற வேலையும் எனக்கு வந்துரும். என்னால முடியாதுங்க அத்தை. வீட்ல ஒருத்தராவது என்னைப் பாத்து அழாம, வழக்கம் போல மொக்க ஜோக் அடிச்சுக்கிட்டு இருக்கணும்."

"ஞாயித்துக்கிழமை மறுபடியும் அதே மேசையில உக்காரப் போறாரேடி."

ஒரு ஆம்புலன்ஸ் வழி கேட்டு ஹாரன் அடித்தபடி உள்ளே நுழைந்தது.

"சொல்லாதீங்க அத்தை" என்றாள் மறுபடியும். அவ்வளவுதான்.

காமு தலையசைத்தாள். அந்த நிமிஷத்தில் அவள் எதைக் கேட்டிருந்தாலும் காமு தலையசைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. நடராஜன் மதியம் மோர் சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக்கூடக் கழுவி வைத்திருந்தார். காமு அவர் எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஹம்சினி அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடராஜன் குல்லாயைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த டாக்டர்? என்ன படிச்சவா? இன்னொரு இடத்துல காட்டிக் கேட்டுடலாமா? ஸ்கேன் என்னிக்கு?" கேள்விகள் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதில்தான் அவர் பிடித்துக்கொண்டு நின்றார். காமு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

கேள்விகள் தீர்ந்துபோயின. அப்போது அவர் முகம் மாறியது.

"ஊர்ல இருக்கற பொம்மனாட்டிகளை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்க வெச்சேனே" என்றார். "என் ஆத்துல…"

சட்டென்று நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். "ஏம்மா, பங்குனி முகாம்ல வந்து நின்னியே. அப்ப இது இல்லையே?"

காமு தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்க மாமா" என்றாள் ஹம்சினி. "எல்லாரும் நிக்கறாங்களேன்னு சும்மா வந்து நின்னேன். இது தீபாவளிக்குத்தான் தெரிஞ்சுது."

நடராஜன் நீளமாக மூச்சு விட்டார். "பெருமாளே" என்றார் மெதுவாக. "ஒரு நிமிஷம் எனக்கு உசிரே போயிடுத்து."

அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் காமுவுக்குப் பொறுக்கவில்லை. பொய்யை மருமகள் சொன்னாள், நெஞ்சில் பாரம் இவளுக்கு ஏறியது. ஹம்சினி உள்ளே திரும்பிப் போய்க் கட்டிலில் உட்காருகிற சத்தம் கேட்டது.

நடராஜன் எழுந்து பால்கனிக் கதவு வரை போனார், வந்தார். "மருந்துக்கு நடுவுல அவளுக்கு வாய்க்கு எதுவும் பிடிக்காதாம். என் ஃப்ரெண்டு பார்த்தசாரதியோட ஒய்ஃபுக்கு அப்படித்தான் இருந்தது. நீ பூண்டு ரசம் பண்ணக் கத்துக்கோ" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் கத்துக்கறேன்."

அப்போது மேசைமேல் அவருடைய போன் அடித்தது.

எடுக்க வேண்டாம் என்று காமு சொல்ல வாயெடுப்பதற்குள், பழக்க தோஷம், எடுத்துவிட்டார். காது கொஞ்சம் மந்தமான நாளிலிருந்து அவர் எல்லாப் பேச்சையும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"சார், நமஸ்காரம். கிடர்பூர்லேர்ந்து சுந்தரவல்லி பேசறேன். ஞாயித்துக்கிழமை கேம்புக்கு எங்க அக்கா பொண்ணு பேரை எழுதிக்கணும். இங்க காலேஜ்ல படிக்கறா, என்னோடதான் இருக்கா."

"வயசு?" என்றார் நடராஜன். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

"இருபத்துநாலு."

"முப்பது பூர்த்தி ஆயிருக்கணுமேம்மா. ஸ்தாபனத்தோட ரூல். நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது."

"நானும் அதைத்தான் சொன்னேன் சார். உனக்கெல்லாம் எதுக்குடி, கிழவிகளோட கிழவியா வரிசையில நிக்கப் போறியான்னு. கேக்க மாட்டேங்கறா. ஒரு வாரமா பேரை எழுதுங்க எழுதுங்கன்னு பிடுங்கறா. சரி சார், அவகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லிடுங்கோ. இன்னும் ஆறு வருஷம்—"

காமு எழுந்தது அவளுக்கே தெரியாது. அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சுந்தரவல்லி, நான் காமு பேசறேன். வெச்சுடாதே. அந்தப் பொண்ணு எதுக்கு வரணும்கறான்னு கேட்டியோ?"

"எதுக்குன்னா… சும்மா, ஒரு ஆசையா இருக்கும் மாமி."

"ஆசைப்பட்டு யாரும் அந்த வரிசையில நிக்க மாட்டாடி. அவளுக்கு எங்கேயாவது கட்டி மாதிரி தட்டுப்படறதா, வலிக்கறதா, வேற ஏதாவது மாத்தம் தெரியறதா? நீ கேளு. கதவைச் சாத்திண்டு தனியா உக்காத்தி வெச்சுக் கேளு. உன்கிட்ட சொல்ல வெக்கப்பட்டா என்கிட்ட பேசச் சொல்லு. முகாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திண்டிருக்க வேண்டாம். அப்படி ஏதாவது இருந்தா அவளுக்கு வயசு கிடையாது. புரிஞ்சுதா?"

எதிர்முனையில் சுந்தரவல்லியின் குரல், கேலியெல்லாம் வடிந்துபோய், "இருங்கோ மாமி. மாடியில இருக்கா. கூப்பிடறேன்" என்றது. செருப்புச் சத்தம் படியேறுவது ஸ்பீக்கரில் கேட்டது.

காமு திரும்பினாள்.

நடராஜன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். தப்புக் கண்டுபிடிக்கிற கூர்மை முழுதும் அந்தக் கண்ணில் இருந்தது. இத்தனை வருஷம் அடுத்தவர் கணக்கில் ஓடிய கண் அது.

"'ஆசைப்பட்டு யாரும் நிக்க மாட்டா'ன்னியே" என்றார். "யாரைச் சொன்னே?"

காமுவின் கண் அறை வாசலுக்குப் போயிற்று.

அறை வாசலில் ஹம்சினி வந்து நின்றிருந்தாள். அவள் பார்வை மாமனார் மேல் இல்லை. காமுவின் மேல் இருந்தது. அதில் கோபம் இருந்திருந்தால்கூடக் காமு தாங்கியிருப்பாள். டீக்கடைச் சுவரோரம் கேட்ட ஒரே ஒரு வேண்டுதலைக்கூட உங்களால் வைத்திருக்க முடியவில்லையே என்கிற களைப்புதான் அதில் இருந்தது.

"ஹம்சினி" என்றார் நடராஜன். "அன்னிக்கு நீ…"

"காப்பி போடட்டுங்களா மாமா?" என்றாள் ஹம்சினி. குரல் பாதியில் உடைந்தது. "மணி அஞ்சாச்சு. நீங்க இன்னும் காப்பி குடிக்கல."

அதற்குமேல் அவருக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பற்றினார். உட்காரவில்லை. உட்காரத் தனக்கு அருகதை இல்லை என்பதுபோல் நின்றுகொண்டே இருந்தார். காமு அவர் தோளைத் தொடப் போனாள். வேண்டாம் என்று கையால் காட்டினார்.

போனில் ஒரு கதவு திறந்தது. சுந்தரவல்லி ஏதோ மெல்லச் சொல்வதும், ஒரு பெண் "யாரு சித்தி?" என்று கேட்பதும் வந்தன.

நடராஜன் கையை நீட்டினார்.

"குடு" என்றார். "அதை நான்தான் கேட்கணும்."

"வேண்டாம் ஏன்னா. பொண்ணு கூச்சப்படும். நான் கேக்கறேன்."

"குடு காமு."

கொடுத்தாள். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நடராஜன் பேசறேன்" என்றார்.

"ஹலோ? சொல்லுங்க மாமா" என்றது ஓர் இளங்குரல். பயந்த குரல்.

நடராஜன் வாயைத் திறந்தார். பெயர், வயது, விலாசம், அடையாள அட்டை என்று ஆயிரம் பேரிடம் தடங்கலில்லாமல் கேட்ட வாய். இதைக் கேட்க வார்த்தை எழும்பவில்லை. கண்ணீர் மட்டும் மூக்கோரமாக இறங்கி, மோவாயில் நின்று, சொட்டியது.

ஹம்சினி வாசலிலிருந்து போனை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

"மாமா?" என்றது போன். "லைன்ல இருக்கீங்களா?"